ஸ்லட்ஜ் ஆல்பம் ஒன்றை முதன்முறையாகக் கேட்கப் போகிறவர்களுக்கு

குமரி மாவட்டத்தில் கிட்டார் வாசிக்கத் தெரிந்த இளைஞர்களுக்குப் பஞ்சமில்லை. ஆலயப் பாடகர் குழுவில் கீபோர்டுக்குப் பக்கத்தில் நின்று கற்றுக்கொண்டவர்களும், அண்ணன் வாங்கி வைத்த கிட்டாரை அவர் வெளிநாடு போன பிறகு கையில் எடுத்தவர்களும் எனக்குத் தெரிந்தே பலர் இருக்கிறார்கள். இவர்களில் பெரும்பாலோர் மெட்டாலிக்கா, அயர்ன் மெய்டன் ஆகிய மெட்டல் குழுக்கள் வரை ஆர்வத்தோடு வந்து, அங்கேயே நின்றுவிடுகிறார்கள். ஹார்ட்கோர் பங்க் என்ற வேகமும் கோபமும் கொண்ட ராக் வகையின் சீற்றமும் மெட்டலின் கனமும் ஒன்றாகக் குழைந்த ஸ்லட்ஜ் மெட்டலை அவர்களுக்கு அனுப்பினால், இரண்டு நிமிடம் கேட்டுவிட்டு, ரெக்கார்டிங் சரியில்லை என்றோ, பாட்டு இழுக்கிறது என்றோ பதில் வருகிறது. இரண்டு குறைகளும் பாட்டில் இல்லை, கேட்ட முறையில் இருக்கின்றன என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லி வந்ததை இங்கே முறையாக எழுதிவைக்கிறேன்.

ஸ்லட்ஜ் என்ற சொல்லுக்குச் சகதி, கசடு என்று பொருள். வேகமாக ஓடிக்கொண்டிருந்த ஒருவர் முழங்கால் அளவு சகதிக்குள் இறங்கிவிட்டால், ஓட வேண்டும் என்ற வெறி அப்படியே இருக்கும், ஆனால் ஒவ்வோர் அடியையும் பிடுங்கி எடுத்துத்தான் வைக்க வேண்டியிருக்கும். இந்த இசையின் இயல்பும் அதுதான். இதில் மெதுவான தாளம் அமைதிக்காக வருவதில்லை. அடக்கி வைக்கப்பட்ட வேகமாகவே வருகிறது. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் இனி வரும் படிகள் எளிதாகும்.

முதலில் கருவியைச் சரிசெய்யுங்கள்

நான் இந்த வகை இசையை முதலில் கேட்டது மார்த்தாண்டத்திலிருந்து நாகர்கோவில் போகும் பேருந்தில், கைபேசியின் ஸ்பீக்கரில். தகரத்தைச் சுரண்டுகிற சத்தம் மட்டுமே கேட்டது. கோப்பு கெட்டுப்போயிருக்கிறது என்று நினைத்து அழித்துவிட்டேன். அதே ஆல்பத்தை ஓராண்டு கழித்து உறவினர் வீட்டு ஹோம் தியேட்டரில் கேட்டபோதுதான், நான் அன்று கேட்டது அதன் மேல்தோலை மட்டும் என்று புரிந்தது.

இதற்குக் காரணம் மிக எளிமையானது. வழக்கமான முறையில் சுருதி கூட்டிய கிட்டாரின் மிகத் தடித்த கம்பி சுமார் 82 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. ஸ்லட்ஜ் குழுக்கள் அதைப் பல வேளைகளில் இரண்டு முழுச்சுரம் தளர்த்தி 65 ஹெர்ட்ஸுக்குக் கொண்டுவருகின்றன. சில குழுக்கள் 55 வரையும் இறங்குகின்றன. அந்த 65 ஹெர்ட்ஸுக்கு ஒரு ஸ்தாயி கீழே பேஸ் கிட்டார் 33 ஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில் ஒலிக்கிறது. கைபேசியின் சிறிய ஸ்பீக்கரால் இத்தனை கீழான ஒலிகளுக்கு வேண்டிய அளவு காற்றைத் தள்ள முடியாது. ஆகவே அடிப்படைச் சுரம் முழுவதும் காணாமல்போய், மேலே மிதக்கும் கரகரப்பு மட்டும் நம் காதுக்கு வந்து சேருகிறது.

காதை முழுதாக மூடும் வயர் ஹெட்ஃபோன் ஒன்று இருந்தால் போதும். விலை உயர்ந்தது தேவையில்லை. வீட்டில் சப்வூஃபருடன் கூடிய பழைய ஸ்பீக்கர் செட் இருந்தால் அது இன்னும் நல்லது. சப்வூஃபரை அறையின் மூலையில் தள்ளி வைக்காதீர்கள். மூலையில் வைத்தால் கீழ் ஒலிகள் பெருகி ஒன்றோடொன்று கலந்து, எந்தச் சுரம் என்றே தெரியாத முழக்கமாகிவிடும். சுவரிலிருந்து இரண்டடி தள்ளி வைத்துப் பாருங்கள். கான்கிரீட் தளமும் டைல்ஸ் தரையும் கொண்ட புதிய வீடுகளில் எதிரொலி அதிகம் என்பதால், ஒரு மெத்தையைச் சுவரில் சாய்த்து வைத்தாலே வேறுபாடு தெரியும். மரத்தட்டு போட்ட பழைய ஓட்டு வீட்டில் வசிப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள். அந்த அறைகளில் இந்த இசை மிக நன்றாக உட்காருகிறது.

செயலியில் பேஸ் பூஸ்ட், ஷஃபிள், ஒரு பாட்டை அடுத்த பாட்டோடு கலந்துவிடும் கிராஸ்ஃபேடு ஆகிய மூன்றையும் அணைத்துவிடுங்கள். ஸ்லட்ஜ் ஆல்பத்தில் பாட்டுகளின் வரிசையும், இடையில் விடப்பட்ட மௌனமும் இசையமைப்பின் பகுதிகளே.

சத்தத்தின் அளவு பற்றியும் சொல்ல வேண்டும். இந்த இசை உரக்கக் கேட்கப்பட வேண்டியது என்று பலரும் சொல்வார்கள். ஓரளவுக்கு அது உண்மை. ஆனால் 85 டெசிபெல் என்பது ஒரு நாளில் எட்டு மணி நேரத்துக்கான எல்லை என்றும், ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகக் குறையும் என்றும் காது நலம் பற்றிய வழிகாட்டுதல்கள் கூறுகின்றன. அந்தக் கணக்குப்படி 100 டெசிபெல்லில் பதினைந்து நிமிடம்தான் பாதுகாப்பு. கேட்டு முடித்த பிறகு காதில் ரீங்காரம் கேட்டுக்கொண்டே இருந்தால் அளவை மீறிவிட்டீர்கள் என்று பொருள்; மறுநாள் முழுவதும் காதுக்கு ஓய்வு கொடுங்கள்.

பிறகு இரண்டு மூலங்களையும் தனித்தனியே கேளுங்கள்

நேராக ஸ்லட்ஜுக்குள் இறங்காமல், அது பிறந்த இரண்டு வீடுகளுக்கும் ஒருமுறை சென்று வருவது நல்லது.

ஒன்று பிளாக் சாபத். இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரத்தைச் சேர்ந்த இந்தக் குழுவின் கிட்டார் கலைஞர் டோனி அயோமி, 17 வயதில் ஓர் உலோகத் தகடு ஆலையில் வேலை செய்த கடைசி நாளில், வலக்கையின் நடுவிரல், மோதிரவிரல் இரண்டின் நுனிகளையும் இழந்தார். இடக்கைப் பழக்கம் உடையவர் என்பதால் கம்பியை அழுத்துகிற கை அதுவே. பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கித் தாமே விரலுறை செய்துகொண்டு மீண்டும் வாசிக்கத் தொடங்கிய அவர், அழுத்துவதற்கு எளிதாக மெல்லிய கம்பிகளைப் பயன்படுத்தினார். 1971இல் வெளிவந்த ஆல்பத்தில் கம்பிகளை மூன்று அரைச்சுரம் தளர்த்தவும் செய்தார். ஒரு தொழிலாளியின் காயத்திலிருந்து வந்த தளர்வுதான் இன்றுவரை இந்த இசையின் கனமாக இருக்கிறது. 1970இல் வந்த அவர்களது முதல் ஆல்பத்தின் முதல் பாட்டு மழையோடும் மணியோசையோடும் தொடங்குகிறது. ஆனி மாத மழையில் கோவில் மணி கேட்டு வளர்ந்த நமக்கு அந்தத் தொடக்கத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. அதன் பிறகு வரும் மூன்று சுரங்களைக் கவனியுங்கள்: ஷட்ஜம், மேல் ஷட்ஜம், பின்பு பிரதி மத்யமம். கர்நாடக இசை தெரிந்த காதுக்கு அந்தப் பிரதி மத்யமம் உறவுகள் எதுவும் இல்லாமல் தனியே நிற்பது உடனே பிடிபடும்; அச்சம் அங்கிருந்துதான் வருகிறது.

இன்னொரு வீடு ஹார்ட்கோர் பங்க். கலிஃபோர்னியாவின் பிளாக் ஃபிளாக் குழு 1979இல் வெளியிட்ட முதல் இசைத்தட்டில் நான்கு பாட்டுகள் இருக்கின்றன; நான்கும் சேர்ந்து சுமார் ஐந்து நிமிடம்தான். அலங்காரம் இல்லை, கிட்டார் வித்தை காட்டும் இடம் இல்லை, சொல்ல வந்ததைச் சொன்னதும் பாட்டு முடிந்துவிடுகிறது. குழுவை நடத்திய கிரெக் ஜின், சிறு வயதில் வானொலிக் கருவிகளை விற்பதற்காகத் தொடங்கிய எஸ்எஸ்டி என்ற தம் சிறு நிறுவனத்தின் பெயரிலேயே இசைத்தட்டையும் வெளியிட்டார். பெரிய நிறுவனம் எதையும் எதிர்பார்க்காமல் தாமே பதிவுசெய்து தாமே விற்பது என்ற அந்தப் பழக்கம், ஸ்லட்ஜ் குழுக்களுக்கு இசையோடு சேர்ந்தே வந்த சொத்து.

இரண்டும் சந்திக்கும் இடம்

இந்த இரண்டு மூலங்களும் ஒரே இசைத்தட்டில் அருகருகே நிற்பதைக் கேட்க வேண்டுமானால், பிளாக் ஃபிளாக் 1984இல் வெளியிட்ட 'மை வார்' ஆல்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். புதியவர்களுக்கு இதைவிடச் சிறந்த பாடம் இல்லை என்பது என் உறுதியான கருத்து. நிறுவனம் ஒன்றுடனான வழக்கால் குழுவின் பெயரில் எதையும் வெளியிட முடியாமல் சில காலம் முடங்கிக் கிடந்த பிறகு வந்த ஆல்பம் இது. ஜின் கிட்டாரையும் வாசித்து, டேல் நிக்சன் என்ற புனைபெயரில் பேஸையும் தாமே வாசித்தார். முதல் பக்கத்தில் ஆறு பாட்டுகள், பெரும்பாலும் பழைய வேகத்தில். தட்டைத் திருப்பினால் மூன்றே பாட்டுகள். ஒவ்வொன்றும் ஆறு நிமிடத்துக்கு மேல், ஊர்ந்து போகிற வேகத்தில். அதே குரல், அதே கோபம், ஆனால் ஓட வழியில்லை. வேகத்துக்காக வந்த ரசிகர்கள் பலருக்கு அந்த இரண்டாம் பக்கம் அன்று பிடிக்கவில்லை.

இணையத்தில் கேட்பவர்களுக்குப் பக்கம் திருப்பும் வேலை இல்லை என்பதால், ஆறாவது பாட்டு முடிந்ததும் நீங்களாகவே நிறுத்துங்கள். எழுந்து தண்ணீர் குடியுங்கள். பிறகு ஏழாவது பாட்டைத் தொடங்குங்கள். அந்த இடைவெளி இல்லாவிட்டால் திருப்பம் உறைக்காது.

இந்த இரண்டாம் பக்கத்தை நான் என் தாய்மாமாவுக்கு ஒருமுறை போட்டுக் காட்டினேன். அவர் செண்டை வாசிப்பவர். கோவில் கொடையானாலும் ஆலயத் திருவிழாவானாலும் நம் ஊரில் சிங்காரி மேளம் இல்லாமல் நடப்பதில்லை அல்லவா, அப்படிப்பட்ட குழு ஒன்றில் பல ஆண்டுகள் அடித்தவர்; பஞ்சாரி மேளத்தையும் முறையாகக் கற்றவர். முழுப் பாட்டையும் அசையாமல் கேட்டுவிட்டு, "மக்களே, இவன் அடிக்கதுல ஒண்ணும் இல்ல. ரெண்டு அடிக்கு நடுவுல எவ்வளவு நேரம் சும்மா இருக்கான்னு பாரு, அதுலதான் காரியம்" என்றார். ஸ்லட்ஜ் பற்றி நான் படித்த எந்த விளக்கத்தையும்விட இது துல்லியமானது. பஞ்சாரி மேளம் 96 அட்சரக் காலத்தில் மிக மெதுவாகத் தொடங்கி 48, 24, 12, 6 என்று பாதி பாதியாகக் குறுகிக்கொண்டே ஏறும். அதன் முதல் காலத்தைப் பொறுமையாக நின்று கேட்ட அனுபவம் உள்ளவருக்கு மெதுவான தாளத்துக்குள் எவ்வளவு இறுக்கம் இருக்க முடியும் என்பது தெரியும். 'மை வார்' அதே ஏணியில் மேலிருந்து கீழே இறங்குகிறது. கூட்டத்தைக் கொண்டாட்டத்துக்குக் கொண்டுபோவதற்குப் பதிலாக ஒரு தனி மனிதரை அறைக்குள் அடைக்கிறது.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் மாண்டசானோ என்ற சிற்றூரிலிருந்து வந்த மெல்வின்ஸ் குழு தொடக்கத்தில் வேகமான ஹார்ட்கோர்தான் வாசித்தது. மேற்சொன்ன இரண்டாம் பக்கம் அவர்களை மெதுவாக்கியது. அந்த மாற்றம் 1987இல் வந்த அவர்களது முதல் முழு ஆல்பத்தில் கேட்கிறது. அதை ஒருமுறை கேட்டால் போதும். இந்தக் கட்டத்தில் அங்கே அதிக நேரம் தங்க வேண்டியதில்லை.

இனி ஒரு முழு ஆல்பம்

இப்போது நியூ ஆர்லியன்ஸுக்குப் போவோம். மிசிசிப்பி ஆற்றங்கரையில், சதுப்பு நிலங்கள் சூழ, ஆண்டின் பெரும்பகுதி புழுக்கத்தில் கிடக்கும் அந்த நகரத்தில் 1988இல் தொடங்கிய ஐஹேட்காட் குழு 1993இல் வெளியிட்ட 'டேக் ஆஸ் நீடட் ஃபார் பெய்ன்' என்ற ஆல்பத்தைத்தான் முழுதாகக் கேட்கப் பரிந்துரைக்கிறேன். மருந்துச் சீட்டில் எழுதுகிற வாசகம் அது: வலி வந்தால் தேவைக்கேற்ப எடுத்துக்கொள்ளவும்.

குழுவின் பெயர் கடவுளை வெறுப்பதாக ஒலிக்கிறது. நான் ஞாயிறுதோறும் ஆலயத்துக்குப் போகிறவன். அந்தப் பெயர் என்னையும் நெடுநாள் தள்ளி நிறுத்தியது. பாட்டுகளுக்குள் போன பிறகு நான் கண்டது போதைக்கு அடிமையானவர்களின் உடல் வேதனையும், வறுமையும், தன்னையே வெறுக்கும் மனநிலையும்தான். ஆயினும் பாட்டுத் தலைப்புகள் சிலவும் அட்டைப் படங்களும் கடுமையானவை; வீட்டில் சிறுவர்கள் பார்க்கும் இடத்தில் திறந்து வைக்க வேண்டாம். போதைப் பழக்கத்திலிருந்து மீண்டுகொண்டிருப்பவர்களும், மனம் மிகவும் தளர்ந்திருக்கும் நேரத்தில் இருப்பவர்களும் இதைத் தள்ளி வைத்து, வேறொரு குழுவில் தொடங்குவதே நல்லது. அதே நகரத்தின் குரோபார் குழுவும் இதே அளவு கனமானது. ஆனால் அதன் துயரத்தில் தாங்கிப் பிடிக்கும் ஒரு கையும் இருக்கிறது.

ஆல்பத்தை மூன்று நாட்களில் மூன்று முறை கேளுங்கள். முதல் நாள் டிரம்ஸை மட்டும் பின்தொடருங்கள். தாளத்தைக் காலால் தட்டிப் பாருங்கள்; எங்கே உங்கள் கால் முந்திப்போகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் முந்திப்போவீர்கள், ஏனென்றால் அடுத்த அடி நீங்கள் எதிர்பார்க்கும் இடத்துக்குச் சற்றுப் பின்னால்தான் விழுகிறது. திடீரென்று வேகம் இரட்டிப்பாகும் இடங்களும் வரும். அங்கே ஹார்ட்கோர் தன் பழைய முகத்தைக் காட்டிவிட்டு மறுபடி சகதிக்குள் இறங்குகிறது.

இரண்டாம் நாள் கிட்டார். அதன் சுரவரிசைகளை உற்றுக் கேட்டால், அடியில் இருப்பது அமெரிக்கத் தெற்கின் கறுப்பின மக்களிடம் பிறந்த புளூஸ் இசை என்பது தெரியும். பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையிலும் பாட்டுக்குள்ளேயும் நீண்டு நிற்கும் ஊளைச் சத்தத்துக்கு ஃபீட்பேக் என்று பெயர். திருவிழா மேடையில் மைக்கைப் பாக்ஸுக்கு முன்னால் கொண்டுபோனால் 'கூ' என்று கூவுமே, அதே நிகழ்வுதான். ஆம்ப்ளிஃபயரிலிருந்து வரும் ஒலி கிட்டார்க் கம்பியை அதிரவைக்கிறது; அந்த அதிர்வை ஆம்ப்ளிஃபயர் மீண்டும் பெருக்குகிறது; வட்டம் முடிவதில்லை. நம் மைக் செட் அண்ணன்மார் ஓடிவந்து நிறுத்துகிற அந்தச் சத்தத்தை இவர்கள் வளர்த்து, எந்த இடத்தில் நிற்க வேண்டும், எந்தக் கோணத்தில் கிட்டாரைத் திருப்ப வேண்டும் என்று பழகி, ஒரு சுரமாக்கி வைத்திருக்கிறார்கள். அது பிழை அல்ல என்று ஏற்றுக்கொள்வதே புதியவர்களுக்கு மிகக் கடினமான படி.

மூன்றாம் நாள் குரல். குழுவின் பாடகர் மைக் வில்லியம்ஸின் குரலில் ராகத்தைத் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். முதல் முறை வரிகளைப் படிக்காமலேயே கேளுங்கள். ஒக்கி புயல் வீசிய 2017 நவம்பர் 30க்குப் பிந்தைய நாட்களில், கடலுக்குப் போனவர்கள் திரும்பி வராத தூத்தூர், வள்ளவிளைக் கரைகளில் நின்றவர்களுக்கு, மனிதத் தொண்டையிலிருந்து வரும் அழுகை சுருதிக்குள் நிற்காது என்பது தெரியும். அது சுருதியில் நிற்க வேண்டும் என்று எவரும் எதிர்பார்த்ததும் இல்லை. அந்தத் துயரத்தையும் இந்தப் பாட்டுகளையும் நான் ஒப்பிடவில்லை. ஆனால் அந்த நாட்களுக்குப் பிறகு அலறலாகப் பாடும் குரலைக் கேட்கையில், ஏன் இப்படிக் கத்துகிறார் என்ற கேள்வி எனக்கு எழுவதே இல்லை.

எப்போது, எங்கே

நடந்துகொண்டோ படித்துக்கொண்டோ கேட்கும் இசை அல்ல இது. ஓரிடத்தில் உட்கார்ந்து முழு ஆல்பத்தையும் கேளுங்கள். நம் மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழைகளும் கிடைக்கின்றன; மழை பெய்யும் பிற்பகல்தான் எனக்குப் பிடித்த நேரம். மின்சாரம் போகும் வாய்ப்பும் அப்போதுதான் அதிகம் என்பதால் கோப்பைக் கைபேசியில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். இடி மின்னலின்போது ஸ்பீக்கர் செட்டின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஹெட்ஃபோனுக்கு மாறுங்கள். மாலை ஏழு மணிக்குக் குடும்ப ஜெபமோ விளக்கு வைக்கும் நேரமோ இருக்கும் வீடுகளில் அதற்கு முன்பே முடித்துவிடுங்கள். சப்வூஃபரின் அதிர்வு சுவர் தாண்டிப் பக்கத்து வீட்டுக்குப் போகும் என்பதையும் மறக்க வேண்டாம்.

வாங்குவதும், அடுத்துக் கேட்க வேண்டியவையும்

ஸ்ட்ரீமிங் செயலிகளில் பல ஆல்பங்கள் கிடைக்கின்றன. ஆயினும் பிடித்துப்போன ஒன்றையாவது விலை கொடுத்து வாங்குங்கள்; சிறு குழுக்களுக்கு அதுதான் உண்மையான உதவி. பேண்ட்கேம்ப் தளத்தில் ஒலித்தரம் குறையாத ஃபிளாக் (FLAC) கோப்பு வடிவத்தில் இறக்கிக்கொள்ள முடியும். அதற்கு வெளிநாட்டுப் பரிமாற்றம் அனுமதிக்கப்பட்ட கார்டு தேவைப்படும். இந்தியாவிலும் இந்த வகையில் வாசிப்பவர்கள் இருக்கிறார்கள். பெங்களூரின் ஷெப்பர்ட் குழு 2015இல் வெளியிட்ட ஆல்பம் கலப்படமற்ற ஸ்லட்ஜ். அதே நகரத்தின் பெவார் ஸீ குழு 2012இல் தம் பெயரிலேயே வெளியிட்ட ஆல்பம் சற்று மென்மையானது, பிளாக் சாபத்துக்கு நெருக்கமானது. நாகர்கோவிலில் மாலை ரயில் ஏறினால் மறுநாள் காலையில் போய் இறங்குகிற ஊரிலிருந்து இந்த ஒலி வருகிறது என்பது எனக்கு ஒவ்வொரு முறையும் மகிழ்ச்சி தருகிறது.

கிட்டார் வைத்திருப்பவர்கள் கேட்பதோடு நிறுத்த வேண்டாம். வழக்கமான 10 கேஜ் கம்பிகளை இரண்டு முழுச்சுரம் தளர்த்தினால் அவை தொளதொளத்துச் சுருதி நிற்காது. 12 கேஜ் செட் மாட்டுங்கள். தடித்த கம்பி நட்டின் பள்ளத்தில் உட்காரவில்லை என்றால் நீங்களே அராமல், தெரிந்தவரிடம் கொடுத்துப் பள்ளத்தை அகலப்படுத்திக்கொள்ளுங்கள். டிஸ்டார்ஷனை முழுதாகத் திருகிவிடாமல் பாதியில் வைத்து, ஒரே ஒரு பவர் கார்டை அடித்து, அது தானாக அடங்கும் வரை கையை எடுக்காமல் கேளுங்கள். அடுத்ததை அதன் பிறகு அடியுங்கள்.

மெல்வின்ஸ் 1992இல் இடைவெளியில்லாத ஒரே நீண்ட தொடர்ச்சியாக வெளியிட்ட சுமார் 31 நிமிட ஆல்பத்துக்கு இப்போது நீங்கள் தயாராகிவிட்டீர்கள். கலிஃபோர்னியாவின் ஓக்லண்ட் நகரத்து நியூரோசிஸ் குழு 1996இல் வெளியிட்ட 'த்ரூ சில்வர் இன் பிளட்' சுமார் 70 நிமிடம் நீளும். ஹார்ட்கோர் குழுவாகப் பிறந்து இவ்வளவு தூரம் நடந்து வந்தவர்கள் குறைவு. அதை மட்டும் அவசரப்பட்டுத் தொடாதீர்கள். முந்தைய ஆல்பங்களைக் கேட்டு முடித்து ஒரு வாரமாவது வேறெதுவும் கேட்காமல் இருந்துவிட்டு, வீட்டில் யாரும் இல்லாத ஒரு மழை நாளில் தொடங்குங்கள்.